இருபது இருபதாக இளைத்த டன் அண்ணன்

செய்தி வந்தபோது காலை பத்தே முக்கால். தங்கை மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய ஃபிரேமுக்குள் லென்ஸைப் பொருத்திக்கொண்டிருந்தாள். மேசைமேல் போன் நடுங்கியது. எடுத்தால், மீசை. மணல் லாரி ஓட்டுகிறவர், அண்ணனின் எடைமேடைக்குத் தினமும் வந்து போகிறவர். ஊரையே கிண்டல் செய்கிற அந்தக் குரல் அன்று கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“அக்கா, டன் அண்ணன் போயிட்டாரு.”

“எங்க போயிட்டாரு?”

அப்படித்தான் கேட்டாள். டீ குடிக்கப் போயிருப்பார், பேங்குக்குப் போயிருப்பார் என்றுதான் புத்தி ஓடியது. மீசை மூச்சு வாங்கினார். அந்த மூச்சில்தான் அவளுக்குப் புரிந்தது. கையிலிருந்த லென்ஸைத் துணிமேல் பத்திரமாக வைத்தாள். அதில் தன் விரல் ரேகை படிந்திருந்ததைப் பார்த்தாள். பிறகுதான் எழுந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் கை அடிவயிற்றின் வலப்பக்கத்தை விட்டு நகரவில்லை. அங்கேதான், தொட்டால் லேசாகத் தட்டுப்படும்படி, அண்ணனின் சிறுநீரகம் இருந்தது. நான்கு வருடமாக அது அவளுக்காக ஓடிக்கொண்டிருந்தது. ஆள் நின்றுவிட்டார், அது நிற்கவில்லை. அதை நினைக்க நினைக்க அழுகைகூட வரவில்லை. மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறவளைப் போல வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தொழிற்பேட்டையின் நுழைவாயிலில், சாலையோடு சாலையாகப் பதிந்து கிடக்கும் நீளமான இரும்புத் தளம்தான் எடைமேடை. லாரி அதன்மேல் ஏறி நிற்கும். பக்கத்துக் கண்ணாடி அறைக்குள் சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும். அண்ணன் சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டுவார். வாலிபத்தில் சேர்ந்த வேலை, கடைசிவரை அதுதான். டன் கணக்கில் நிறுக்கிறவர் என்பதால் தனக்கு ‘டன்’ என்று பெயர் வந்ததாக அவர் சொல்லிக்கொள்வார். டிரைவர்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள்.

“அண்ணே, மேடையை விட்டு இறங்குங்க. உங்களையும் என் சரக்குல சேர்த்து எழுதிடப் போறீங்க.”

“எழுதினா உனக்கு என்னடா நஷ்டம்? மணலைவிட நான் உசத்திச் சரக்கு.”

அடுத்தவர் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவார். கடையில் வாங்கிய நாற்காலிகள் எதுவும் அவரிடம் ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. டிரைவர்கள் சேர்ந்து லாரி இரும்பில் ஒரு ஸ்டூல் பற்றவைத்துக் கொடுத்திருந்தார்கள். ஷூவின் கயிற்றைக் குனிந்து கட்ட முடியாது, அதனால் செருப்புதான். பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவில்கூட இரண்டு பேருக்கான இடத்தில் ஒருவராக நிற்கிறார்.

‘நாக்கைக் கட்டு’ என்று அவரிடம் சொல்லாதவர்கள் கிடையாது. அம்மா சொன்னாள், மாமாக்கள் சொன்னார்கள், முன்பின் தெரியாத பஸ் கண்டக்டர் சொன்னார். அவரும் கட்டிப் பார்த்தார். பாதிச் சாப்பாடு, ராத்திரிப் பட்டினி, விடியற்கால நடை என்று எல்லாம் ஆயிற்று. கொஞ்சம் குறையும், பிறகு ஏறிவிடும்.

“போன எடை சும்மா திரும்பி வராது குட்டி, சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வருது,” என்பார்.

அவருக்குத் தங்கை அப்போதும் குட்டிதான். அவளுக்கே தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

அந்தத் தங்கையின் இரண்டு சிறுநீரகங்களும் வேலைநிறுத்தம் செய்தன. வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் இயந்திரத்தோடு அவளைக் கட்டிப்போட்டார்கள். கணவருடைய ரத்தம் பொருந்தவில்லை. பரிசோதனைக்கு யாரும் கூப்பிடாமலே அண்ணன் போய்க் கையை நீட்டிவிட்டு வந்தார். எல்லாம் பொருந்திற்று. அறுவைச் சிகிச்சை டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல, கிட்னி ரெண்டும் தங்கம். ஆனா இந்த எடைல நான் கத்தியை வைக்க மாட்டேன். உங்களுக்கும் ஆபத்து, ஒத்தக் கிட்னியோட பின்னால வாழறதுக்கும் ஆபத்து. நூத்திப் பதினஞ்சுக்குக் கீழ வாங்க, பேசலாம்.”

வெளியே வந்ததும் தங்கை சொன்னாள்: “அண்ணா, விட்டுடு. நான் கிட்னிக்கு வரிசைல பேர் கொடுத்திருக்கேன். கிடைக்கும்போது கிடைக்கட்டும்.”

அவரால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். முடியாத ஒன்றை அவரிடம் கேட்டு, அவர் தோற்று, அந்தத் தோல்வியோடு அவர் தன் முகத்தில் விழிக்க வேண்டியிருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வரிசையிலோ அவளுக்கு முன்னால் ஊரே நின்றது. இயந்திரத்தோடு எத்தனை காலம் ஓடும் என்பதையும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

அவர் அவள் பேச்சைக் கேட்கவில்லை. எடைக்கென்றே பார்க்கும் ஹார்மோன் டாக்டரிடம் போனார். துணைக்கு அவளையும் இழுத்துக்கொண்டு போனார். அந்த டாக்டரம்மா சிறு உருவம். பேச்சு மட்டும் லாரி ஹாரன் மாதிரி நேராக வரும்.

“மருந்துன்னா மந்திரம் இல்ல, முதல்ல அதைப் புரிஞ்சுக்கோங்க. ஒரு மாத்திரை இருக்கு. சாப்பிடற கொழுப்பை உடம்பு உறிஞ்ச விடாது. எண்ணெய் போனபடியே வெளிய வந்துடும்.”

“வெளியன்னா?”

“வெளியதான். சில நேரம் சொல்லாம கொள்ளாம.”

அண்ணன் தன் வெளிர் நிறப் பேண்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார். “டாக்டர், நான் நாள் பூரா ஒரே ஸ்டூல்ல உக்கார்ற ஆளு.”

“கவலைப்படாதீங்க, உங்களுக்கு அது இல்ல. சில பேருக்கு அது கிட்னியைத் தொந்தரவு பண்ணும். தங்கச்சிக்குக் கொடுக்கப்போற பொருளை நான் சோதிச்சுப் பார்க்க முடியாது. இன்னொண்ணு, பசியை மட்டுப்படுத்தற மாத்திரை. அது நாடித்துடிப்பை, பிரஷரை ஏத்தலாம். அதுவும் வேணாம். இரைப்பையைச் சின்னதாக்கற ஆபரேஷன் ஒண்ணு இருக்கு. ஒரு ஆபரேஷனுக்காக இன்னொரு ஆபரேஷன்னா, அதைக் கடைசியா யோசிப்போம். மிச்சம், வாரம் ஒரு தடவை போடற ஊசி.”

“அது என்ன பண்ணும்?”

“சாப்பிட்டதும் குடல்லேர்ந்து மூளைக்கு ஒரு சேதி போகும். ‘போதும்’னு. உங்களுக்கு அந்தச் சேதி சரியாப் போய்ச் சேரல. அந்தச் சேதி மாதிரியே செஞ்ச மருந்து இது. வயிறு மெதுவாக் காலியாகும், மூளைக்கும் போதும்னு தோணும்.”

“அப்ப இது நாக்கு இல்லையா டாக்டர்?” என்றார் அண்ணன்.

“நாக்கா? நாக்கு ருசி பாக்கத்தான். மிச்சமெல்லாம் உள்ள நடக்குது.”

குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் புற்றுநோய் இருந்ததா, அவருக்குக் கணையத்தில் எப்போதாவது கோளாறு வந்ததா என்று டாக்டரம்மா குடைந்து குடைந்து கேட்டார். சின்ன அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவேன், ஆரம்பத்தில் குமட்டும், வாந்தி வரும், ரத்தப் பரிசோதனைக்கு டிமிக்கி கொடுக்கக் கூடாது, நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும் என்று அடுக்கினார். ஊசியை நிறுத்தினால் பசி பெரும்பாலும் திரும்பி வரும் என்றும் மறைக்காமல் சொன்னார். எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்றும் சொன்னார்.

எடை பார்க்க ஏறச் சொன்னார்கள். அந்த மெஷின் நூற்றைம்பது வரைதான் காட்டும். அண்ணன் ஏறியதும் எண்ணுக்குப் பதிலாக ஒரு கோடு வந்து நின்றது.

“பரவாயில்ல டாக்டர், நம்மகிட்ட பெரிய தராசு இருக்கு,” என்றார் அண்ணன்.

மறுநாள் லாரி இல்லாத நேரம் பார்த்து எடைமேடையின் நடுவில் போய் நின்றார். மீசை ஜன்னல் வழியாக எண்ணைப் படித்தார். “நூத்தறுபது! ஏன் அண்ணே, வெறும் வண்டியா, லோடோடவா?”

முதல் சில வாரம் அவர் பட்ட பாட்டைத் தங்கை கண்ணால் பார்த்தாள். குமட்டலில் முகம் வெளிறிப்போகும். கண்ணாடி அறைக்குள் டீசல் வாசனை வந்தால் வெளியே ஓடுவார். “இன்னிக்கு ஊசி என்னை ஜெயிச்சிடுச்சு குட்டி,” என்று ஸ்டூலில் சாய்வார். அடுத்த நாள் பழையபடி நடக்கப் போவார்.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. அவள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. எப்போதும்போல இரண்டாவது முறை பரிமாறக் கரண்டியோடு குனிந்தாள். தட்டின் மேல் ஒரு கை வந்து விரிந்து நின்றது.

“போதும்.”

கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறந்ததிலிருந்து இந்தக் கைக்கும் தட்டுக்கும் நடுவில் இந்தச் சொல் வந்ததே இல்லை. கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“மச்சான், உடம்பு கிடம்பு சரியில்லையா?”

அண்ணன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடைய கையோ என்பதைப் போல.

“குட்டி, உனக்குச் சொன்னா புரியுமான்னு தெரியல. எனக்குள்ள ஒருத்தன் எப்பவும் பேசிட்டே இருப்பான். தூங்கி எழுந்ததுலேர்ந்து, அடுத்தது என்ன, இன்னும் கொஞ்சம், அந்த டப்பால மிச்சம் இருக்கேன்னு. லாரி நிறுக்கும்போதும் பேசுவான், அம்மா காரியத்தப்போகூடப் பேசினான். எல்லாருக்குள்ளயும் அப்படி ஒருத்தன் இருக்கான், நீங்கள்லாம் அவனை அதட்டி வச்சிருக்கீங்க, எனக்குத்தான் துப்பு இல்லைன்னு நினைச்சேன். அவன் இப்ப வாயை மூடிட்டான். நீங்கள்லாம் இப்படியேவா இருந்தீங்க? ஒரு பிஸ்கட் எடுத்துட்டு, மிச்சத்தை மூடி வச்சு, மறந்தே போயிடுவீங்களா?”

“ஆமா,” என்றாள் அவள்.

“இவ்வளவு அமைதியாவா?”

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து தட்டில் விழுந்தது. ஒரு கண்ணீர்த் துளி அளவுகூட இல்லாத மருந்து. ஆயுள் முழுக்க ஓயாத ஒரு குரலை அது ஓய வைத்துவிட்டது. அந்தக் குரலோடு இத்தனை வருடம் சிரித்துக்கொண்டே வாழ்ந்த மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். எதைப் பார்த்து முதலில் வியப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் ஒரு காலை, டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தவளுக்குப் போன் வந்தது.

“குட்டி! இருபது கிலோ! ஒரே வாரத்துல இருபது கிலோ போயிடுச்சு! போன வாரம் நூத்தறுபது, இன்னிக்கு நூத்தி நாப்பது! மீசை சாட்சி!”

பின்னாலிருந்து மீசையின் சத்தம்: “சத்தியமா அக்கா! அண்ணன் ஆவியாயிட்டு இருக்காரு!”

டாக்டரம்மாவிடம் விஷயம் போனதும் அவர் பதறிப்போனார். உடனே வரச்சொல்லி, கண்ணை இழுத்துப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, மெஷினில் ஏறச் சொன்னார். இந்த முறை கோடு வரவில்லை. நூற்று நாற்பத்தொன்பது என்று வந்தது.

“உங்க தராசு எத்தனை கிலோவுக்கு ஒருதரம் மாறும்?” என்று கேட்டார் டாக்டரம்மா.

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். லாரித் தராசு இருபது இருபதாகத்தான் எண்ணும். நடுவில் இருப்பதைக் கிட்டத்தில் உள்ள இருபதோடு சேர்த்துவிடும். நூற்றைம்பதுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் நூற்றறுபது, கொஞ்சம் கீழே வந்தால் நூற்று நாற்பது. எத்தனையோ டிரைவர்களுக்கு அவரே ஜன்னல் வழியாக விளக்கிய சங்கதி. லாரி என்றால் தூக்கத்திலும் சொல்வார். மேடையில் தானே ஏறியதும் ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

“ஒண்ணோ ரெண்டோ கிலோதான் குறைஞ்சிருக்கும்,” என்றார் டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு. “ஆனா அதுதான் நியாயமான குறைச்சல். இனிமே இங்க வந்து பாருங்க. லாரித் தராசுக்கு லீவு கொடுங்க.”

அவர் லீவு கொடுக்கவில்லை. கிளினிக் மெஷின் மாதாமாதம் இறங்குவதைக் காட்டினாலும், எடைமேடை சொன்னால்தான் அவருக்கு நம்பிக்கை. எடைமேடையோ மாதக்கணக்கில் நூற்று நாற்பதிலேயே நின்றது. அவர் மேடையில் நிற்க, டிரைவர்கள் ஜன்னலில் கூடுவார்கள்.

“அதே நாப்பது அண்ணே. பாட்டரி மாத்திப் பாருங்க.”

“போடா. உள்ள குறையுது, வெளிய சொல்ல அதுக்கு வாய் வரல.”

அந்தச் சமயத்தில்தான் தங்கையின் கையில் டயாலிசிஸுக்காக வைத்திருந்த இணைப்பு அடைத்துக்கொண்டது. காய்ச்சல், ஐ.சி.யூ. என்று பத்து நாள் போயிற்று. கண் விழித்தபோது அண்ணன் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. சட்டை, பக்கத்து வீட்டுக்காரருடையதை மாட்டியதுபோலத் தொங்கியது.

“அண்ணா, போதும்,” என்றாள். “நீ வாந்தி எடுத்துட்டு நடந்தது போதும். எனக்காக இவ்வளவு வேணாம்.”

“அந்தச் சொல்லை நான் ரொம்பக் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன். நீ அதைச் சும்மா இறைக்காத,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “குட்டி, நாக்கைக் கட்டுன்னு எல்லாரும் சொன்னப்ப எனக்கு வழி தெரியல. இப்ப தெரியுது. தெரிஞ்ச வழில நடக்காம நிக்கச் சொல்றியா?”

மூன்று வாரம் கழித்து எடைமேடை நூற்றிருபது என்று சொன்னது. மீசை லாரி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். ஆனால் இந்த முறை அண்ணன் ஏமாறவில்லை. நூற்றுப் பத்திலிருந்து நூற்று முப்பதுவரை எல்லாமே அந்தத் தராசுக்கு நூற்றிருபதுதான். அதற்குப் பிறகு போகவேண்டிய தூரத்தை அதனால் சொல்ல முடியாது. அன்றோடு அவர் மேடையில் ஏறுவதை நிறுத்தினார்.

அடுத்த கோடை நெருங்கும்போது அறுவைச் சிகிச்சை டாக்டர் கூப்பிட்டார். தங்கையைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். அவள் பார்க்க மாட்டேன் என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அண்ணன் காலில் அன்று செருப்பு இல்லை, ஷூ. குனிந்து அதன் கயிற்றை அவிழ்த்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் திரும்பினாள். அவர் குனிந்திருந்தார். கயிற்றை அவிழ்த்து, நிமிர்ந்து, மூச்சு வாங்காமல் மெஷினில் ஏறினார்.

“நூத்திப் பதிமூணு,” என்றார் நர்ஸ்.

“இன்னொரு தடவை பாத்துடுங்க சிஸ்டர், நான் தராசுக்காரன், எனக்கு ஒரு தடவை பத்தாது,” என்றார் அண்ணன். நர்ஸ் இன்னொரு தடவை பார்த்தார். அதே எண்.

டாக்டர்கள் ஊசியை முன்னதாகவே நிறுத்தச் சொல்லி, இடைவெளி விட்டு, நாள் குறித்தார்கள். சிறுநீரகம் கைமாறியது. ஆபரேஷன் மேசையிலேயே அவளுக்குச் சிறுநீர் வந்துவிட்டது என்று கணவர் ஓடிவந்து சொன்னபோது, பக்கத்து வார்டில் படுத்திருந்த அண்ணன், “நல்ல சரக்கு, சீட்டுக் கிழிச்சுக் கொடுங்க,” என்றாராம். பிறகு டாக்டரம்மா யோசித்துக் குறைந்த அளவில் ஊசியை மறுபடி தொடங்கினார். நான்கு வருடத்தில் எடை கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது. உள்ளே இருந்தவன் அவ்வப்போது முணுமுணுத்தான், கத்தவில்லை.

இதையெல்லாம் நினைத்தபடிதான் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றாள். டாக்டரம்மா மாடியிலிருந்து தானே இறங்கி வந்தார். தங்கை வேறு எதையும் கேட்கவில்லை.

“என்னாலயா டாக்டர்? ஒத்தக் கிட்னியாலயா? இல்ல ஊசியா?”

“இல்லம்மா. போன மாசம் வரைக்கும் ரத்தம், பிரஷர், கிட்னி எல்லாம் நான் பாத்தேன். நல்லா இருந்தாரு. தலைக்குள்ள ஒரு ரத்தக்குழாய்ல மெலிஞ்ச இடம். அது அங்க இருக்குன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுதான் வெடிச்சிருக்கு.” அவள் தோளில் கை வைத்தார். “நான் எத்தனையோ பேருக்கு இந்த மருந்தை எழுதியிருக்கேன். மருந்து வழியைத்தான் திறந்துவிடும். அதுல அவரை மாதிரி நடந்தவங்களை நான் அதிகம் பாக்கல.”

காரியமெல்லாம் முடிந்து, அவருடைய சாமான்களை எடுத்துவர அவள் எடைமேடைக்குப் போனாள். மீசை லாரியை ஓரம் கட்டிவிட்டுக் காத்திருந்தார். மேடையின் ஒரு மூலையில், கைப்பிடி வைத்த இரும்புக் கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன.

“இது என்ன?”

“சோதனைக் கட்டி அக்கா. நாலு மூலையும் ஒரே எடை காட்டுதான்னு அண்ணன் வண்டி இல்லாதப்ப வச்சுப் பாப்பாரு. அன்னிக்குக் காலைல அதைத்தான் பாத்துட்டு இருந்தாரு, அப்புறம் யாரும் மேடையைத் திறக்கல. கட்டி ஒண்ணு இருபது கிலோ.”

அவள் ஒன்றின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஒரு விரற்கடை எழும்பி, ‘டங்’ என்று இறங்கியது.

“விடுங்க அக்கா, வயித்துல தையல் போட்ட உடம்பு!”

“இதையா அண்ணா தூக்கினாரு?”

“பின்ன? மூலைக்கு மூலை அவரேதான் தூக்கிட்டுப் போவாரு. நாங்க கை வச்சா திட்டு விழும். ‘டேய், இந்த மாதிரி ரெண்டு கட்டியை ஆயுசு பூரா கீழ வைக்காம சுமந்தவன்டா நான். இது எனக்கு என்ன?’ம்பாரு.”

அவள் இரண்டு கட்டிகளைத் தனியாகப் பார்த்தாள். அவற்றோடு மாடி ஏறியது, பஸ் பிடித்தது, இரண்டு பேர் இடத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் பார்க்காதபடி அவற்றை இறக்கி வைத்தது. வெகு நேரம் அந்த இரும்பின் மேலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

இரண்டு மூலைகளில் சாக்கட்டியால் சரி என்று குறி போட்டிருந்தது. கட்டிகள் நின்றிருந்த மூன்றாவதிலும் போட்டிருந்தது. சாலையை ஒட்டிய நான்காவது மூலையை இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.